துண்டறிக்கையின் எழுவாய்

கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளை இலக்கணம் கற்பிப்பவளாகவே வாசிக்கிறேன். கூச்சப்படாதீர்கள், அலட்சியம் செய்யாதீர்கள், பரிசோதனைக்கு வாருங்கள் என எல்லாமே பெண்ணை நோக்கிய ஏவல். வெட்கம் அவளுடையது, அறியாமை அவளுடையது. மருத்துவமனை எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வருவதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடளவில் 1.9. ‘நம் பெண்கள் வரமாட்டார்கள்’ என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டம் வேறு கதை சொல்கிறது. 2000இல் அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாகும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய முறை. பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையையும் அவர்களே அளித்தார்கள். 2003க்குள், தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர் சோதித்துக்கொண்டார்கள். இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. ஒப்பீட்டுக்காகச் சோதனை அளிக்கப்படாமல் விடப்பட்ட 30,958 பெண்களை மறைத்துவிட்டு அந்த வெற்றியைப் பேசக் கூடாது. ஆனாலும் ஒன்று தெளிவு: சோதனை தேடி வந்தபோது கிராமத்துப் பெண்கள் வந்தார்கள்.

கூச்சம் இல்லை என்று சொல்லவில்லை. திரையில்லாத அறையில், கதவைப் பார்த்துப் போட்ட மேசையில் படுக்கச் சொன்னால் யாருக்கும் கூசும். அதட்டல் கேட்டவள் மறுபடி வரமாட்டாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்குச் சோதனை ஒரு நிமிடம்தான். பேருந்துக்கும் வரிசைக்கும் போவது ஒருநாள் கூலி. சந்தேகம் என்று முடிவு வந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு இன்னொரு நாள், துணைக்கு இன்னொருவர். பலர் நழுவிப்போவது இந்த இரண்டாம் பயணத்தில்தான்.

பெண்ணெழுத்து விமர்சனமும் இங்கே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உடலைப் பேசத் தயங்காத கவிதைகளுக்காக நாம் வாதாடினோம். அது தேவையாக இருந்தது. ஆனால் மௌனம்தான் ஒரே தடை என்று நினைத்தால் நாமும் துண்டறிக்கையின் மொழியையே பேசுகிறோம். உறுப்பின் பெயரைத் தயங்காமல் சொல்லும் பெண்ணுக்கும் திரை வேண்டும், செவிலி வேண்டும், கூலி இழக்காத ஒரு நாள் வேண்டும்.

அடுத்த துண்டறிக்கையில் வாக்கியத்தைத் திருப்பி எழுதட்டும்: எந்தக் கிழமை, எந்த ஊருக்குச் செவிலி வருகிறார், முடிவை யார் வீட்டுக்கு வந்து சொல்வார், மேல்சிகிச்சைக்கு யார் அழைத்துப்போவார்.