கணையாழிப் போர்: காப்பியமும் கவறும்

டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘த லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் உரைநடைக் காப்பியத்தை, ரொபேர்த்தோ தி மேலியோ, மார்கோ மாஜ்ஜி, பிரான்செஸ்கோ நெப்பித்தெல்லோ என்னும் இத்தாலியர் மூவர் 2004 இல் ‘வார் ஆஃப் த ரிங்’ என்னும் பலகை விளையாட்டாக ஆக்கினர். இரண்டாம் பதிப்பு 2011 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் நிகழும் உலகப் பலகை விளையாட்டுப் போட்டிகளிலும் இஃது இடம்பெற்றுள்ளது. காப்பியம் கவறாட்டமாகும்போது அதன் பாவிகம் எஞ்சுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

ஆடுவோர் இருவர். விடுதலை மக்களை நடத்துவோர்க்குத் தொடக்கத்தில் செயற்கவறு 4. நிழற்படையை நடத்துவோர்க்கு 7. நிழற்படையில் மடிந்தோர் மீளவும் திரட்டப்படுவர். விடுதலை மக்களுள் மடிந்தோர் மடிந்தோரே. நூலின் அவலத்தை இவ்விரு விதிகளே உணர்த்திவிடுகின்றன. இவற்றினும் நுட்பமானது எல்வ மோதிர விதி. விடுதலை மக்கள்பால் உள்ள 3 மோதிரங்களுள் ஒன்றைக்கொண்டு ஒரு கவற்றின் முகத்தை மாற்றலாம். மாற்றியபின் அம்மோதிரம் பகைவன் கைப்பட்டு அவனுக்கும் ஒருமுறை உதவும். ஆற்றலைக் கையாள்வோன் அதற்கு விலை தருகின்றான் என்னும் நூற்பொருள் இங்கு விதியாகவே அமைந்துள்ளது.

நிழற்படை நகர்களையும் அரண்களையும் கொண்டு 10 புள்ளி பெறின் வெல்லும். விடுதலை மக்கட்கோ 4 புள்ளி போதும். ஆகலின் போட்டியில் வல்லார் சிலர் கணையாழியைப் பொருட்படுத்தாது, காவல் குறைந்த பகையரண்களை உழிஞை சூடி முற்றி வென்றுவிடுவர். நூலை நெஞ்சாரக் கற்றோர் இதனைப் பிழை என்பர். யாமும் முதற்கண் அவ்வாறே கருதினோம். விதிகளை ஒருங்குவைத்து நோக்கியபின் அக்கருத்தைக் கைவிட்டோம். இவ்வச்சம் இல்லையேல் நிழற்படை தன் நிலத்தை வறிதே விட்டு வெளியேறும். அரகோர்ன் சிறுபடையுடன் கருவாயிலுக்குச் சென்றது சாரோனின் கண்ணை ஃபிரோடோவிடமிருந்து திருப்புதற்கு. அத்தாக்குதலைப் பகைவன் மெய்யென அஞ்சியதாலன்றோ அது பயன்பட்டது?

உண்மைக் குறை வேறிடத்தது. வேட்டையில் நேரும் இடரை ஒரு துணைவனை இழந்து தாங்கலாம். அன்றேல் கறையாக ஏற்கலாம். கறை 12 ஆயின் தோல்வி. ‘இன்னும் 5 தாங்கும்’ எனப் போட்டியாளர் வணிகன் முதலை எண்ணுமாறு எண்ணுவர். அவரைக் குறைகூறுதல் முறையன்று. விதி அவ்வாறு எண்ணவே பணிக்கின்றது. 11 கறையோடு தீமலை சேரினும் வெற்றி முழுவெற்றியே. நூலிலோ, மலையின் விளிம்பில் ஃபிரோடோ தோற்கின்றான். கணையாழி தனதே என்கின்றான். முன்னர் இரங்கி உயிரோடு விடப்பட்ட கோல்லம் அதனைக் கடித்துப் பறித்து, வீழ்ந்து அழிகின்றான். ஆட்டத்தில் துணைவர் யாவரும் நீங்கியபின் கோல்லம் வழிகாட்டியாக வருவது உண்டு. ஆயினும் இறுதி வெற்றிக்கு அவன் வேண்டப்படுவதில்லை.

ஒருவன் தோற்கும் கணத்திலேயே அவன் பக்கம் வெல்லும் என விதித்தல் எளிதன்று, நடுவர்க்கும் இடரே. ஆயினும், கோல்லம் உடன்வரின் ஒரு முடிவும் வாராவிடின் மற்றொரு முடிவும் என இறுதிப்படியை மட்டுமேனும் இரண்டாம் பதிப்பில் வகுத்திருக்கலாம் என்பது எம் கருத்து.