சாந்தோம் கற்களும் பழைய கபாலீச்சரமும்

திருமயிலையிற் பழைய கபாலீச்சரம் இன்று சாந்தோம் பேராலயம் நிற்கும் மனையிலேயே இருந்ததென்றும், அதனைப் போர்த்துக்கேசியர் 1566-ல் இடித்தனரென்றும் தலவரலாறுகள் பல ஒருதலையாகக் கூறுகின்றன. இக்கூற்றில் மெய்யும் உண்டு. மெய்யின் அளவைக் கடந்ததும் உண்டு.

திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்தில் மாசிக் கடலாட்டைக் குறித்தருளினார். அருணகிரிநாதரும் மயிலையைக் கடலருகே வைத்துப் பாடினார். இவற்றால் ஊர் கடலை அடுத்ததென்பது பெறப்படும். கோயில் நின்ற மனை இன்னதென்பது பெறப்படாது. கடலாட்டிற்கு எழுந்தருளும் பெருமானுக்குக் கோயில் கரையிலேயே இருத்தல் வேண்டுமென்னும் நியதி யாண்டும் இல்லை. அளவையை முதற்கண் வகுத்த சிவஞான சித்தியாரைப் பயில்வோர் இவ்வேதுவின் குறையை எளிதில் உணர்வர்.

ஆண்டும் ஆராயத்தக்கது. 1523-லேயே போர்த்துக்கேசியர் தோமையார் கல்லறை என்று தாம் கொண்ட இடத்திற் கோயிலெடுத்துக் குடியேறிவிட்டனர். அந்நூற்றாண்டின் இடையில் விசயநகரத்து இராமராயர் சாந்தோம்மேற் படையெடுத்தார். கோயில்கள் இடிக்கப்பட்டமை பற்றிய முறையீடு அதற்கு ஒரு காரணமென்பர் ஈராசு பாதிரியார். எனின், பூசல் 1566-க்கு முன்னரே மூண்டதாகும். கேடு நிகழவேயில்லை என மறுப்பார்க்கும் இச்செய்தி இடர் தருவதே.

இனிக் கற்கள். 1920-களிற் பேராலய வளாகத்திற் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஓர் பழைய கோயில் சிதைந்தமைக்கு இவை சான்று. ஆயின் அக்கற்கள் எத்தனை கை மாறின! 1662-ல் சாந்தோம் கோல்கொண்டாவின் வசமாயிற்று. பூவிருந்தவல்லியில் அவ்வரசின் அதிகாரி இருந்து இப்பக்கத்தை ஆண்டான். 1672-ல் பிரஞ்சுக்காரர் ஊரைப் பற்றினர், ஈராண்டில் இழந்தனர். பின்னர் மதில்கள் தகர்க்கப்பட்டன. பேராலயமும் 1893 முதல் 1896 வரை புதிதாகக் கட்டப்பெற்றது. இத்துணைக் கலக்கத்திற் கிடந்த கல், தான் நின்ற இடத்தை எங்ஙனம் சொல்லும்? அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயிலிற் கல்வெட்டுக்கள் கோயிற் சுவரிலேயே நிற்கின்றன. அவை தம் இடத்திற்குத் தாமே சான்று. சாந்தோம் துண்டுகளுக்கு அவ்வுரிமை இல்லை.

இன்னும் ஒன்று. பழைய கோயிலின் எழுத்துடைக் கற்கள் மேற்கே இப்பொழுதுள்ள கபாலீச்சரத்திலும் உள. கல் கிடந்த இடமே கோயில் இருந்த இடமென்னும் நியாயம் செல்லுமாயின், கோயில் இரண்டிடத்தும் இருந்ததென்றல் வேண்டும். அடித்தளம் இருந்த நிலையிலேயே வெளிப்படுமளவும், சாந்தோம் என்பதை ஊகமென்றே தலவரலாறுகளில் அச்சிடுதல் தகும்.