திரும்பி வரும் கை

டேக்வாண்டோவைக் காலின் கலை என்பார்கள். உலகக் கூட்டமைப்பின் போட்டி விதியும் கையைக் கொஞ்சம் ஒதுக்கியே வைக்கிறது: உடல் கவசத்தில் குத்துக்கு 1 புள்ளி, உடல் சுழலாத உதைக்கு 2, அதே உதை தலையில் விழுந்தால் 3, முகத்தில் குத்தவே கூடாது. அதனால் பயிற்சிச் சண்டையில் பலர் கையைத் தொங்கவிடுகிறார்கள். ஆனால் 3 புள்ளி பறிபோகும் அந்தத் தலையைக் காப்பது கன்னத்தருகே நிற்கும் கைதான். கையைத் தூக்கியே வைத்தால் உதையின் வேகம் குறையும் என்பது நியாயமான மறுப்பு. உதைக்கும் நொடியில் சமநிலைக்காகக் கை கீழே வீசப்படட்டும்; கால் தரை தொடும்போது அது மேலே வந்துவிட வேண்டும். சிலம்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டெனப் புரியும்: அடித்த கம்பே அடுத்த சுழற்சியில் காவலாகிறது. அந்த ஒற்றைப் புள்ளிக் குத்தும் எனக்கு அழகாகவே படுகிறது. ஒட்டி நிற்கும் எதிராளியின் நெஞ்சில் நேராக இறங்கி, அடுத்த உதைக்கான இடைவெளியை அதுவே திறந்து தருகிறது.