சைட்டோக்ரோம் சி: எண்கள் சரி, ஏணி தப்பு

பரிணாமத்தை மறுக்கிறவர்கள் இன்றைக்கும் கையில் எடுக்கிற புத்தகம், மைக்கேல் டென்டன் 1985ல் எழுதிய 'எவல்யூஷன்: எ தியரி இன் கிரைசிஸ்'. அதில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய பகுதி புரத ஒப்பீடுதான்.

சைட்டோக்ரோம் சி, செல் ஆற்றல் எடுக்கும்போது எலக்ட்ரானைக் கடத்துகிற சின்னப் புரதம். நமக்கு அதில் 104 அமினோ அமிலங்கள். இதே வகைப் புரதத்தை ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து டென்டன் ஒப்பிடுகிறார். குதிரையோடு 64% வித்தியாசம், சூரை மீனோடு 65%, கோதுமையோடு 66%, ஈஸ்டோடு 69%. பாக்டீரியாவிலிருந்து படிப்படியாக ஏறி வந்திருந்தால் ஈஸ்ட் கிட்டேயும் குதிரை தூரத்திலும் இருக்க வேண்டாமா என்பது அவர் வாதம்.

எண்களில் பிரச்சினை இல்லை. ஆனா இன்றைக்கு வாழுற பாக்டீரியா நம்ம பாட்டன் கிடையாது, தூரத்துப் பங்காளி. கோட் எழுதுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு புராஜெக்ட் இருபது வருஷம் முன்னாடி ரெண்டா ஃபோர்க் ஆச்சு, அதில் ஒண்ணு பிறகு நாலா பிரிஞ்சதுன்னு வைங்க. மற்றதோட அந்த நாலையும் ஒப்பிட்டா வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். பிரிஞ்ச நாள் ஒண்ணுதானே! டென்டன் தேடியது ஏணி. பரிணாமம் சொல்வது கிளை.

தலைமுறை சில மணி நேரமே இருக்கிற ஈஸ்டும் வருஷக்கணக்கில் இருக்கிற குதிரையும் எப்படி ஒரே வேகத்தில் மாறும்னு அவர் கேட்பது நல்ல கேள்வி. அந்த வேகம் தோராயமானதுதான். ஆனால் கிளைகளை அடையாளம் காண துல்லியமான கடிகாரம் தேவையில்லை.

பரிணாமம் பேசுகிற நம்ம ஆட்களும் ஒரு இடத்தில் அவசரப்படுகிறார்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சைட்டோக்ரோம் சி அச்சு அசலா ஒண்ணு என்பதோடு நிறுத்தினால், 'ஒரே வேலை, அதனால ஒரே பாகம்' என்று எதிராளி சொல்லிவிடுவார். அதற்குப் பதில் ஈஸ்டில் இருக்கிறது. அதன் சொந்த சைட்டோக்ரோம் சி-யை எடுத்துவிட்டு, ஏறக்குறைய 40% வேறுபடும் மனிதப் புரதத்தை வைத்தாலும் வேலை நடக்கிறது. ஆக, வேலை ஒன்றானாலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

1982ல் பென்னி, ஃபவுல்ட்ஸ், ஹெண்டி மூவரும் 11 உயிரினங்களின் 5 புரதங்களுக்குத் தனித்தனியாக மரம் போட்டார்கள். சாத்தியமான மரங்கள் 3.4 கோடிக்கு மேல். ஐந்து புரதங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மரங்களைத்தான் காட்டின. ஒற்றுமையை விட இந்த ஒத்துப்போதல்தான் வலுவான சாட்சி. பொது வம்சாவளி இல்லையென்றால் இவை ஒத்துப்போக என்ன காரணம்?

டென்டனே 1998ல் வெளியான 'நேச்சர்ஸ் டெஸ்டினி'யில் பொது மூதாதையை ஏற்றுக்கொண்டுவிட்டார். முதல் புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.