மன்னிப்பு யாருடைய உரிமை?
"ஆமிஷ் கிரேஸ்" நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உலகைக் கலங்கச் செய்த செய்திகள் பல. அவற்றுள் போதகர்களின் பிரசங்கக் குறிப்பேடுகளில் நிலையான இடம் பெற்றுவிட்ட செய்தி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூரின் ஓரறைப் பள்ளிக்குள் பால் வண்டி ஓட்டும் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்தான். சிறுவர்களை வெளியே போகவிட்டு, பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐவர் மாண்டனர். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தான். அன்றே ஆமிஷ் மக்கள் சிலர் கொலைஞனின் குடும்பத்தாரைத் தேடிச் சென்று, தாங்கள் மன்னித்துவிட்டதாகக் கூறினர். அவனுடைய அடக்கத்திற்கு வந்திருந்த ஏறத்தாழ 75 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆமிஷ் மக்களே. உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த உதவித் தொகையில் ஒரு பங்கு அவனுடைய மனைவி மக்களுக்கும் அளிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து டொனால்ட் கிரேபில், ஸ்டீவன் நோல்ட், டேவிட் வீவர்-சேர்க்கர் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே "ஆமிஷ் கிரேஸ்". மூவரும் ஆமிஷ் வாழ்வை நன்கறிந்த அறிஞர்கள். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிப்போர் பலர் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர். ஆனால் நூல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. எனவே நாம் இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும்.

நூலின் சிறப்புகளை முதலில் கூறுவோம். செய்தித்தாள்கள் இம்மன்னிப்பை வானிலிருந்து திடீரென இறங்கிய அற்புதமாகக் காட்டின. ஆசிரியர்களோ இது தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த பழக்கம் என்று நிறுவுகின்றனர். 16ஆம் நூற்றாண்டின் அனபாப்திஸ்து இயக்கத்தில் தோன்றி, 1693இல் யாக்கோபு அம்மான் என்பாரைப் பின்பற்றித் தனித்துப் பிரிந்த மக்கள் இவர்கள். 1660இல் வெளிவந்த இரத்தசாட்சிகளின் வரலாற்று நூல் இன்றும் இவர்கள் இல்லங்களில் உண்டு. பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கிய காவலனைக் கரையேற்றியமையால் தாமே பிடிபட்டு, 1569இல் எரியூட்டப்பட்ட டிர்க் வில்லெம்ஸின் வரலாற்றை இவர்களுடைய பிள்ளைகள் அறிவார்கள். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் திருவிருந்துக்கு முன்னர்ச் சபையார் ஒருவரோடொருவர் ஒப்புரவாதல் வேண்டும். இத்தகைய பயிற்சியில் வளர்ந்தோர் பேரிழப்பின் நாளில் மன்னிப்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. இவ்வுண்மையைக் காட்டியமைக்காக நாம் ஆசிரியர்களுக்குக் கடப்பாடுடையோம்.

மற்றொரு சிறப்பு, மன்னிப்பு, தண்டனையினின்று விடுவித்தல், ஒப்புரவு ஆகிய மூன்றையும் நூல் வேறுபடுத்திக் காட்டுவது. மன்னிப்பவன் பழிவாங்கும் உரிமையைத் துறக்கிறான். குற்றவாளிக்குரிய தண்டனையை நீக்குதல் வேறு, முறிந்த உறவை மீண்டும் கட்டுதல் வேறு. மன்னிப்பதெனத் தீர்மானித்த பின்னரும் உள்ளத்தின் கசப்பு தீர நெடுநாளாகும் என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அப்பெற்றோர் அழுதனர், மனநல ஆலோசகர்களின் துணையையும் நாடினர்.

இனி நூலின் குறைகளுக்கு வருவோம். முதலாவது, இறையியல் சார்ந்தது. ஆமிஷ் மக்களின் மன்னிப்புக்கு அடிப்படை மத்தேயு 6:14-15. பிறரை மன்னியாதவனுக்குப் பிதாவின் மன்னிப்பு இல்லை என்னும் எச்சரிக்கையை அவர்கள் எழுத்தளவிலேயே ஏற்கின்றனர். சீர்திருத்தச் சபைகளின் போதனை இதனோடு இணங்குமா என்னும் வினாவை ஆசிரியர்கள் தொட்டுச் செல்கின்றனரேயன்றி விடை காணவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையில், அரசன் முதலில் பெருங்கடனை மன்னிக்கிறான்; அதன் பின்னரே ஊழியன் தன் உடன் ஊழியனை மன்னிக்கும்படி எதிர்பார்க்கப்படுகிறான். கொலோசெயர் 3:13 கூறும் வரிசையும் இதுவே. இவ்வரிசை தலைகீழானால் கிருபை கட்டளையாக மாறும்; கட்டளையோ காயப்பட்டவன்மேல் மற்றொரு சுமையாக ஏறும்.

இரண்டாவது குறை, நிகழ்ச்சியின் தனித்தன்மையைப் பற்றியது. நிக்கல் மைன்ஸில் குற்றவாளி இறந்துபோனான். வழக்கில்லை, சாட்சி சொல்லும் கட்டாயம் இல்லை, அவன் மீண்டும் வருவான் என்னும் அச்சமும் இல்லை. மன்னிப்பின் கனிகளைப் பெற்றவர்களோ குற்றமற்ற அவன் குடும்பத்தார். தம் சபையைச் சேர்ந்த ஒருவரை மன்னிப்பதே இதனினும் கடினம் என்று ஆமிஷ் மக்களுள் சிலர் கூறியதை நூலே பதிவு செய்துள்ளது. இக்கூற்றைத் திறவுகோலாகக் கொண்டு ஆசிரியர்கள் மேலும் ஆழ்ந்து சென்றிருக்கலாம். ஏனெனில் போதகரிடம் வருவோரின் துன்பம் பெரும்பாலும் இவ்வகையினது: அடிக்கும் கணவன் இன்றிரவும் வீட்டிற்கு வருவான்; சிறுமியைக் கெடுத்த உறவினன் அடுத்த ஞாயிறும் ஆலயத்தில் அமர்ந்திருப்பான்.

மூன்றாவது குறையே நமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. நூலில் நாம் பெரிதும் கேட்பது சமுதாயத்தின் குரல். மன்னிக்க மறுத்தால் மீட்பே கேள்விக்குரியதாகும் என்று நம்பும் சமுதாயத்தில், காயப்பட்ட ஒரு பெண் "என்னால் இன்னும் இயலவில்லை" என்று கூற இடமுண்டா? 2020ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ்களில் வெளிவந்த புலனாய்வுச் செய்திகள், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஆமிஷ் பெண்கள் சிலர் தம் சபையாரால் மன்னிக்கும்படி நெருக்கப்பட்டதையும், அதனால் குற்றங்கள் வெளிவராமற் போனதையும் எடுத்துரைத்தன. நிக்கல் மைன்ஸில் ஒளி வீசிய அதே பழக்கம் வேறிடத்தில் குற்றத்தை மூடும் திரையாயிற்று. 2007இல் எழுதப்பட்ட நூல் 2020இன் செய்தியை அறிந்திருக்க இயலாது. ஆயினும் சமுதாய நெருக்குதலின் ஆபத்தை முன்னுணர்ந்து எழுத இடமிருந்தது. விலக்கி வைத்தல் என்னும் வழக்கத்தைப் பற்றிய அதிகாரத்தில், ஞானஸ்நானப் பொருத்தனையை மீறியவர்களுக்கே அது உரியது என்று விளக்கும் ஆசிரியர்கள், கட்டுப்பாட்டின் வலிமையை நன்கு காட்டுகின்றனர். அதன் கீழ் வாழும் எளியோரின் நிலையை அத்துணை ஆராயவில்லை.

நிகழ்ச்சி நடந்த நாள்களிலேயே "பாஸ்டன் குளோப்" நாளிதழில் ஜெஃப் ஜேக்கபி, குழந்தைகள் கொல்லப்படும்போது எவரும் சினங்கொள்ளாத உலகில் வாழ விரும்புவோமா என்று வினவினார். அவ்வினாவை அவிசுவாசத்தின் கூற்றென ஒதுக்குவதற்கில்லை. திருமறையிலேயே சினம் ஜெபமாக எழுகிறது. சங்கீதக்காரர் தம் சினத்தைக் கடவுளிடமே கொட்டுகின்றனர். கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து நீதி கேட்டுக் கூப்பிடுவதை வெளிப்படுத்தல் 6:10 காட்டுகிறது. அக்கூக்குரலுக்காக எவரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. சிலுவையில் ஆண்டவர் தம்மை அறைந்தோருக்காகப் பிதாவை நோக்கி மன்னிப்பை வேண்டினார் (லூக்கா 23:34). ஸ்தேவானும் அவ்வாறே செய்தான் (அப்போஸ்தலர் 7:60). மன்னிப்பைத் தன் ஆற்றலால் வழங்க இயலாதவன் அதனைப் பிதாவின் கரத்தில் ஒப்புவிக்கலாம் என்னும் வழியை இவ்விரு ஜெபங்களும் திறந்து வைக்கின்றன. மாண்டுபோன ஐந்து சிறுமிகளின் சார்பில் மன்னிக்கும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். பெற்றோர் தமக்கிழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கலாம். பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்டதைக் கடவுளே தீர்க்க வல்லவர்.

இக்குறைகளால் நூலின் மதிப்புக் குன்றிவிடாது. இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் இதனைப் படித்தல் நன்று. ஆயினும் இவ்வரலாற்றைப் பிரசங்க பீடத்திற்கு எடுத்துச் செல்வோர் மூன்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். ஆமிஷ் மக்கள் தாமே மன்னித்தனர். வெளியிலிருந்து எந்தப் போதகரும் அவர்களை மன்னிக்கும்படி ஏவவில்லை. அவர்கள் சொல்லோடு நில்லாமல், உணவும் பொருளும் உடனிருப்பும் அளித்தனர். குற்றவாளி உயிரோடிருக்கும் இடத்தில், பாதுகாப்பும் நீதியும் மன்னிப்புக்கு முன்னரே கேட்கப்பட வேண்டியவை. காயப்பட்டவர் ஒருவர் நம் முன் அமர்ந்திருக்கும் வேளையில், நிக்கல் மைன்ஸின் கதையைக் கூறத் தொடங்குமுன், அவருடைய கதையை முழுவதும் கேட்டோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.