அலருக்கு யார் பொறுப்பு?

அலர் என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போது அம்பலிலிருந்து தொடங்குவது என் வழக்கம். களவியல் உரை இரண்டையும் அரும்பு, மலர் என்று பிரிக்கிறது. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல். ஊரறியப் பேசப்படுவது அலர். குறளில் அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அகப்பாடல்களில் அலர் தூற்றும் பெண்டிர் வருவார்கள், அதைக் கேட்டு மகளை வீட்டுக்குள் அடைக்கும் தாய் வருவாள். ஆனால் அலர் பரவிய மன்றம் பொது இடம். அதற்கு முதலாளி இல்லை. இன்றைய மன்றத்துக்கு முதலாளி உண்டு. அங்கே கூட்டம் கூடக்கூட அவருக்கு வருமானம். அவர் பொறுப்பைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு பிரதியாக வாசிக்க விரும்புகிறேன்.

2004இல் இரண்டு வழக்குகள். சென்னையில், மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட ஓர் ஆண், யாஹூ குழுவில் அவளைப் பற்றி ஆபாசமாக எழுதினான். அவளுக்கு அசிங்கமான தொலைபேசி அழைப்புகள் வந்தன. பிப்ரவரியில் புகார்; நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் தொடக்ககாலத் தண்டனைகளில் ஒன்று அது. தண்டனை எழுதியவனுக்கு மட்டும்.

அதே நவம்பரில், டெல்லிப் பள்ளி மாணவர்கள் இருவரின் அந்தரங்கக் காணொளியை பாஸி டாட் காம் விற்பனைத் தளத்தில் ஒருவர் விலைக்கு வைத்தார். டிசம்பரில் தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னீஷ் பஜாஜ் கைதானார். தொழில் உலகம் அதிர்ந்தது. 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 முதல் 79ஆம் பிரிவு தள உரிமையாளர்களுக்கு விரிவான பாதுகாப்பைத் தந்தது. ஒரு நிர்வாகியின் கைது அந்தப் பிரிவின் பின்னணியில் இருக்கிறது. காணொளியில் இருந்த மாணவியை அதன் வரிகளில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

அந்தப் பிரிவு உரிமையாளரை 'இடைநிலையாளர்' என்கிறது. பிறர் பதிவதை அவர் தொடங்கிவைக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது, உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது. இச்சொற்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு தபால்காரர். ஆனால் எதை யார் கண்ணில் காட்டினால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று கணக்கிட்டு முன்னே தள்ளும் நிறுவனத்தை எப்படித் தபால்காரர் என்பது?

இன்னொரு சொல், 'உண்மையான அறிவு'. தவறான பதிவு இருப்பதை அறிந்தும் நீக்காவிட்டால் உரிமையாளர் பாதுகாப்பை இழப்பார். அறிவது எப்படி? நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் அறிந்ததாகும் என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்ணியவாதிகள் இத்தீர்ப்பைத் தள்ளிவிட முடியாது. பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதியதற்கும் அதை விரும்பியதற்கும் 2012இல் பால்கரில் கைதானவர்கள் இரண்டு இளம்பெண்கள். அவர்கள்மீது ஏவப்பட்ட 66ஏ பிரிவை ரத்து செய்ததும் இதே தீர்ப்புதான். எல்லாப் பதிவுக்கும் உரிமையாளரே பொறுப்பு என்றால் அவர் அஞ்சி அழிப்பார். சாதியைப் பற்றி, கணவனின் அடியைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி நாம் எழுதுவதுதான் முதலில் அழியும்.

ஆனால் கருத்து வேறு, சம்மதமின்றிப் பரப்பப்படும் உடல் வேறு. கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தேறித் திருவண்ணாமலைக்குப் படிக்கப் போகும் பெண்ணின் படம் பரவினால், நீதிமன்ற ஆணை வருவதற்குள் அவள் படிப்பு நின்றிருக்கும். செல்பேசி பிடுங்கப்பட்டிருக்கும். மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். இற்செறிப்பு சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை.

2021 விதிகள் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தன. அந்தரங்கப் படம், உருமாற்றிய படம் குறித்துப் பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும், ஆணை தேவையில்லை என்று 2021இல் அவை வகுத்தன. நல்ல விதிதான். ஆனாலும் ஓரிடத்தில் அழித்தது இன்னோரிடத்தில் முளைக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் அவளே தேடி, அவளே பார்த்து, அவளே அனுப்ப வேண்டியிருக்கிறது. சட்டத்தின் வாக்கியத்தில் 'அறிதல்' என்ற வினைக்கு எழுவாய் உரிமையாளர். நடைமுறையில் அந்த வேலையைச் செய்பவள் அவமானப்பட்ட பெண்.

2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. ஒருமுறை நீக்க ஆணையிட்ட படத்துக்காக அவளை மறுபடி மறுபடி அலைக்கழிக்கக் கூடாது, தொழில்நுட்பத்தால் தேடுபொறிகளே கண்டறிய வேண்டும் என்றது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் காணொளிகளை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். ஆண் காவலர்கள் சூழ அவர் அக்காணொளியைப் பார்க்க வைக்கப்பட்டதும் அந்த நீதிமன்றத்தில் வெளியானது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: முதல் புகார் வரை அறியாதவராக இருக்கும் உரிமை உரிமையாளருக்கு இருக்கட்டும். அதன்பின் அறிய வேண்டிய உழைப்பு அவருடையது. தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை, படத்தை வெளியே அனுப்பாமல் நம் கருவியிலேயே அதன் எண் அடையாளத்தை உருவாக்கி, பங்கேற்கும் நிறுவனங்களுக்கு மட்டும் அந்த அடையாளத்தைத் தருகிறது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். 2021 விதியின்படி, பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் புகார் தரலாம். அலர் பரவியபோது தலைவிக்காகப் பேசி, அறத்தொடு நின்றவள் தோழி. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள இன்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது.