‘தி குட் நர்ஸ்’: ஒளித்துவைத்த பெயர்

டோபியாஸ் லிண்ட்ஹோம் இயக்கி 2022இல் வந்த ‘தி குட் நர்ஸ்’ ஒரு நோயாளியின் சாவில் தொடங்குகிறது. அவரைக் காப்பாற்றக் கூட்டமாகப் போராடுகிறார்கள். கேமராவோ அந்தப் பக்கம் போகாமல், ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் நர்ஸின் முகத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. ரத்தம் இல்லை, பதறவைக்கும் இசை இல்லை. கொலைகளைச் சப்புக்கொட்டிச் சொல்லும் ஓடிடி காலத்தில் இந்த அடக்கம் பெரிய விஷயம்.

அந்த நர்ஸ் சார்லஸ் கல்லன். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 16 ஆண்டுகளாக மருத்துவமனை மாறி மருத்துவமனை வேலை பார்த்தவர். இன்சுலினும் டைஜாக்சினும் அவருடைய ஆயுதங்கள். 2003 டிசம்பரில் கைதானார். உறுதியான கொலைகள் 29.

அவர் கையாண்ட தந்திரம் எளிமையானது. வார்டில் பிக்சிஸ் என்ற கணினி மருந்து அலமாரி. மருந்தின் பெயரைத் தட்டிவிட்டு உடனே ரத்து செய்வார். ஆனாலும் இழுப்பறை திறந்துகொள்ளும். சக நர்ஸ் ஏமி லாக்ரன் இந்த ரத்துகளைப் பட்டியலில் கண்டுபிடிக்கும் இடம்தான் படத்தின் உச்சம். ஏமியாக வரும் ஜெசிகா சாஸ்டெய்ன் அங்கே ஒரு வசனமும் பேசாமல் நடித்துவிடுகிறார். கல்லனாக வரும் எடி ரெட்மெய்னும் படம் முழுக்க அளவோடுதான் இருக்கிறார். விசாரணை அறையில் மட்டும் கத்தித் தீர்க்கிறார். ‘பார், அரக்கன்’ என்று சுட்டுகிற அந்தக் காட்சி இந்தப் படத்துக்குத் தேவையே இல்லை.

என் பெரிய குறை வேறு. மூலமான சார்லஸ் கிரேபரின் நூல் (2013) கல்லனை ஒவ்வொரு மருத்துவமனையாகப் பின்தொடர்கிறது. 2002இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் உள்ள செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் ஊசிகள் போடும் தொட்டியில் காலி மருந்துக் குப்பிகள் கிடைத்தன. கல்லன் ராஜினாமா செய்துவிட்டு நியூ ஜெர்சியின் சாமர்செட் மருத்துவமனையில் சேர்ந்தார். 2003 ஜூலையில் மாநில நச்சுத் தகவல் மையத்தின் தலைவர் சாமர்செட்டை நேரடியாக எச்சரித்தார். மருத்துவமனை போலீஸுக்குச் சொன்னது அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களிலும் சாவுகள் நின்றபாடில்லை. படத்தில் இந்த முன்கதை சில தொலைபேசி அழைப்புகளாகச் சுருங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் இவ்வளவுதான் முடியும் என்பார்கள், ஒப்புக்கொள்ளலாம். நிர்வாக அதிகாரியின் வழவழப்பான பேச்சில் அந்தக் கயமையைக் கொஞ்சம் காட்டவும் செய்கிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொலையாளிக்கு உண்மைப் பெயர். ஏமிக்கும் துப்பறிவாளர்களுக்கும் உண்மைப் பெயர். சாமர்செட் மட்டும் ‘பார்க்ஃபீல்ட்’ என்ற கற்பனை மருத்துவமனையாகிவிட்டது. வழக்குக்கு அஞ்சினார்களோ என்னவோ, படம் குற்றம்சாட்ட வந்த நிறுவனமே முகமூடி போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. தனிமனிதத் தீமையையும் ஒரு பெண்ணின் துணிச்சலையும் சொல்லும் படமாக ‘தி குட் நர்ஸ்’ தேர்ந்துவிட்டது. மருத்துவமனைகள் மீதான குற்றப்பத்திரிகை என்று வைத்தால், பாதியிலேயே கையெழுத்திட மறுத்த ஆவணம் அது. அதற்கு கிரேபரைத்தான் படிக்க வேண்டும்.